ரேக்குல நுழையாத போன்

5, செவ்வாய்

ஆடிக் காத்து. கம்பெனி கேட்டு ரூம் ஜன்னல் கொக்கி போச்சு. நாள் பூரா டப்பு டப்புன்னு அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு. வாங்க வேண்டியது: கொக்கி, முட்டிவலித் தைலம், அரைக் கிலோ உளுந்து (வீட்டுக்காரி கதீஜா ரெண்டு தடவ சொல்லிட்டா). டெய்லர்கிட்ட சட்டைப் பையைப் பெருசாக்கக் குடுக்கணும்.

பை எதுக்குன்னா இந்தப் போனுக்கு. காலையில சுபுஹு தொழுகை. சஜ்தாவுக்குக் குனிஞ்சதும் நழுவிப் பள்ளிவாசல் தரையில விழுந்துச்சு. அம்புட்டு அமைதியில அது விழுந்த சத்தம் ரோட்டுல போறவனுக்கும் கேட்டிருக்கும். பக்கத்துல நின்னவரு சலாம் குடுத்து முடிச்ச கையோட, "ஸ்கிரீன் போச்சா பாய்?"னு கேக்குறாரு. மானம்தான் போச்சு. ஸ்கிரீன் போகல.

போன் மேல புகார்:
பையில நிக்காது.
ஒத்தக் கையில பிடிச்சா கட்டைவிரல் மேல எட்டாது. ரெண்டு கையிலயும் பிடிச்சா டீ கிளாஸை எதுல பிடிக்க.
படுத்துக்கிட்டுப் படிச்சா எழுத்தும் சாஞ்சு படுத்துக்கிருது.
முகத்தைக் காட்டுனாத் திறக்குமாம். தொப்பி வச்சிருந்தா நான் யாரோவாம்.

வாங்கிக் குடுத்தது மக நஸீமா. மதுரையில ஸ்கேன் சென்டர்ல வேலை. போன நோம்புப் பெருநாளைக்குப் போனும், கையில கட்டுற வாட்ச்சும் கொண்டுவந்தா. "பழைய பட்டன் போனைத் தூக்கிப் போடுங்கத்தா, இதுல என் மூஞ்சி பெருசாத் தெரியும்"னா. இப்ப எம்புட்டுப் பெரிய ஸ்கிரீன் இருந்து என்ன. மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறா.

6, புதன்

வேன் லேட். விருதுநகர்ல இருந்து சாத்தூர் வரைக்கும் பின்சீட்டுல ஒருத்தன் போன்ல பாட்டு. காதுல மாட்டிப் பாட்டுக் கேக்குற குண்டுமணி தொலைஞ்சு போச்சாம், அதனால ஊருக்கே கேக்கணுமாம்.

கேட்டு வேலை லேசுன்னு நினைச்சேன். பருப்பு மண்டியில முப்பது வருசம் மூட்டைக்கு நடுவுல நின்னவன் நான். முதலாளி மண்டியை மூடுனதும் வீட்டுல உக்காந்தேன். எனக்கும் க.வுக்கும் ஒரே மாசத்துல ஒத்துக்கல. அச்சங்குளம் பக்கம் வெடிக் கம்பெனியில கேட்டுக்கு ஆள் கேட்டாக, வந்துட்டேன். வேலை இதுதான்: காலையில உள்ள போற அம்புட்டுப் பேருகிட்டயும் போனை வாங்கி ரேக்குல வைக்கணும், சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். கேட்டைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு. அதுக்கு அந்தப் பக்கம் வெடிமருந்து கலக்குற ரூம்கள். பேட்டரி உள்ள எதுவும் கோட்டைத் தாண்டக் கூடாது. ரேக்குல இருக்கிற போன் அடிச்சா நான் எடுக்கக் கூடாது.

ரேக்கு பட்டன் போன் காலத்துல ஆசாரி செஞ்சது. ஓட்டை ஓட்டையா இருக்கும். இப்ப வர்ற போனெல்லாம் சிலேட்டு அளவு. ஒண்ணும் நுழைய மாட்டேங்குது. பாதி உள்ள, பாதி வெளிய, வேலி மேல வெள்ளாடு எட்டிப் பாக்குறாப்ல. காத்துக்கு ரெண்டு விழுந்துச்சு. திட்டு எனக்கு. போர்மேன் ராமர்கிட்டப் புது ரேக்கு கேட்டேன். "தீபாவளி சீசன் முடியட்டும் பாய்." எது கேட்டாலும் சீசன் முடியணும் இவருக்கு.

சட்டப்படி எல்லாரும் போனை அணைச்சுக் குடுக்கணும். ஒருத்தரும் அணைக்கிறதில்ல. நாள் பூரா பாட்டு, குழந்தை சிரிப்பு, சாமி மணி, கோழி கூவுறது. எந்தக் கோழின்னு தெரியல, மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூவுது.

மக ந. கூப்பிடல. எழுதுறதே வெக்கமா இருக்கு. தினமும் அதையே எழுதுறேன்.

7, வியாழன்

க. இன்னைக்கு வாயை விட்டுட்டா.

ராத்திரிச் சோறு. "ஏங்க, நேத்து சாயங்காலம் நீங்க நடக்கவே இல்லையாமே, முட்டி வலியா?" நடக்கலன்னு உனக்கு யாரு சொன்னதுன்னேன். முழிக்கிறா. அப்புறம்தான் வருது விசயம். கையில இருக்கிற வாட்ச் நான் எம்புட்டு நடந்தேன், எம்புட்டுத் தூங்குனேன், நெஞ்சு எப்படி அடிக்கிது, எல்லாத்தையும் என் போனுக்குச் சொல்லுமாம். என் போன் மதுரைக்குச் சொல்லுமாம். ந. தினமும் அங்கன உக்காந்து பாக்குறாளாம்.

எம்புட்டுக் கோவம் வந்துச்சு தெரியுமா. பேச மாட்டா. 'அத்தா'ன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆனா என் நெஞ்சு அடிக்கிறதை மட்டும் எண்ணுவா. பேசாம இருக்கணும்னா முழுசா பேசாம இருக்கணும்ல.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னா, செருப்பைக் கூடக் கழட்டல. "அந்தக் கேட்டுக்குள்ள நீங்க இருக்கிற வரைக்கும் நான் உங்ககூடப் பேச மாட்டேன்த்தா." கேட்டுக்குள்ள இல்லம்மா, கேட்டுலதான், கோடு தள்ளி இருக்குன்னேன். கேக்கல. பஸ் ஏறிட்டா. என் பிடிவாதம்தான் அவளுக்கும்னு க. சொல்லுறா. எனக்கு என்ன பிடிவாதம்?

உளுந்து மறந்துட்டேன். அதுக்கும் ஏச்சு.

8, வெள்ளி

ஜும்மாவுக்கு அரைநாள் பர்மிசன். அதுக்குள்ள ஒரு சண்டை.

பேக்கிங்ல இருக்கிற முத்துலட்சுமி. போனைக் குடுத்துட்டுக் கோட்டைத் தாண்டப் போறா. சேலைத் தலைப்பைக் கையில சுத்திருந்தா. சந்தேகம் வந்து நிறுத்துனேன். உள்ள வாட்ச், பேட்டரி வாட்ச். போன மாசம்தான் வாங்குனாளாம். மக ஸ்கூல்ல இருந்து வந்ததும் அதுல ஒரு அதிர்வு வரும், அது வந்தா மனசு நிம்மதியாம்.

"கழட்டு தாயி." கழட்டுனா. ஆனா சும்மா கழட்டல. "நீங்க மட்டும் கட்டியிருக்கீக பாய். போனும் உங்களுது எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. உங்களுக்கு மட்டும் வீட்டு நெனப்பு வேணும், எங்களுக்கு வேண்டாம், அப்படித்தான்?"

நான் கோட்டுக்கு இந்தப் பக்கம், எனக்குச் சட்டம் இல்லன்னு சொல்லிருக்கலாம். பின்னாடி வரிசையில நின்னவக எல்லாம் என் கையவே பாக்குறாக. ராமர் வேற சிரிக்கிறாரு. சுருக்குன்னு இருந்துச்சு.

சரி. திங்கக்கிழமையில இருந்து என் போனும் அணைச்சு ரேக்குல, வாட்ச்சும் ரேக்குல. எவளும் என்னையக் கேக்க முடியாது. மதுரையில உக்காந்து எண்ணுறவளுக்கும் எண்ண ஒண்ணும் இருக்காது. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்.

பள்ளிவாசல்ல போனைச் செருப்புக்குப் பக்கத்துல வச்சுட்டுத் தொழுதேன். தொழுகை பூரா செருப்பு நெனப்பு.

10, ஞாயிறு

லீவு. கறி எடுத்தாச்சு. கொக்கி வாங்கியாச்சு (சைஸ் சேரல). சட்டை டெய்லர்கிட்ட. இம்புட்டுப் பெரிய பையான்னு கேக்குறான்.

க. அடுப்படியில வீடியோ கால். குழம்புக்கு மேல போனைச் சாத்தி வச்சுக்கிட்டு மகளுக்குக் கறி வேகுறதைக் காட்டுறா. நான் தண்ணி குடிக்கப் போறாப்ல போனேன். போனா க. போனைத் திருப்பி என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறா. "இந்தா, அத்தா வந்துட்டாக பாரு."

பாத்தேன். மக அங்கன போனைத் திருப்பிட்டா. ஸ்கிரீன் பூரா மதுரை சீலிங் ஃபேன். சுத்திக்கிட்டு இருக்கு. நல்ல ஃபேன்.

நானும் திரும்பி வந்துட்டேன். தண்ணி குடிக்கல.

11, திங்கள்

இன்னைக்கே எழுதிரணும். எழுத்து கோணினாப் பரவால்ல.

காலையில சொன்னபடி செஞ்சேன். போனை அணைச்சேன், வாட்ச்சைக் கழட்டுனேன், ரெண்டையும் ரேக்கு மேல் வரிசையில முத்துலட்சுமி கண்ணு முன்னாடியே வச்சேன். அவ பாத்துட்டு உள்ள போனா.

டீ முடிஞ்சு கொஞ்ச நேரம். தரை ஒரு உதறு உதறுச்சு. ஜன்னல் தானா மூடிக்கிச்சு. அப்புறம்தான் சத்தம். வெளிய ஓடிப் பாத்தா மேக்க புகை, தூரத்துல. நம்ம கம்பெனி இல்ல. நம்ம ரூமெல்லாம் நிக்கிது. யா அல்லாஹ்.

ராமர் கோட்டுக்கிட்ட நின்னு கத்துறாரு. யாரும் ஓடக் கூடாது, கலந்த மருந்தைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வரக் கூடாது, பத்திரப்படுத்திட்டுத்தான் வெளிய வரணும். அது சரியான பேச்சுதான். ஆனா அதுக்கு நேரமாகும்.

ரேக்கு ஆரம்பிச்சுச்சு. முதல்ல ஒண்ணு. அப்புறம் நாலஞ்சு. அப்புறம் அம்புட்டும். சேதி வாட்ஸப்புல போயிருச்சு, எந்தக் கம்பெனின்னு பேர் இல்லாம. பாட்டும் மணியும் கோழியும் ஒண்ணா. ஒவ்வொரு ஸ்கிரீன்லயும் பேரு பெருசாத் தெரியுது. அம்மா. வீடு. மச்சான். அம்மா. பாப்பா ஸ்கூல். அதிர்ந்து அதிர்ந்து போன் ஒவ்வொண்ணா நழுவி விழுது, நான் தாங்கித் தாங்கி வைக்கிறேன். ஆபீஸ் போனும் வைக்க வைக்க அடிக்கிது.

எடுக்கக் கூடாதுங்கிறது சட்டம். அந்தச் சட்டம் போட்டவன் அந்நேரம் அந்த ரூம்ல நின்னிருக்கணும். எடுத்தேன்.

ஒரு போன்ல பச்சையை மேல தள்ளணும், இன்னொண்ணுல பக்கவாட்டுல. தப்பாத் தள்ளி முதல் ரெண்டு காலையும் கட் பண்ணிட்டேன். நாசமாப் போற ஸ்கிரீன். புகையப் பாத்துட்டுக் கூப்பிடுறவுகளுக்கு அந்தப் பக்கம் கட் ஆனா எப்படி இருக்கும்? மூணாவது சரியா விழுந்துச்சு. அப்புறம் ஒரே பேச்சுதான்: "கேட்டு பாய் பேசுறேன். நம்ம கம்பெனி இல்ல. எல்லாரும் நல்லா இருக்காக. வந்துருவாக." யாரு போன், யாரு கூப்பிடுறாகன்னு பாக்கல. சிலபேர் அழுதாக. ஒரு பெரியவரு நம்பல. வீடியோவுல வாங்கன்னேன், போனைத் தூக்கி ஜன்னல் வழியாக் காட்டுனேன். பாருங்க, ரூமெல்லாம் நிக்கிது, ஓடு கூடச் சரியலன்னேன். அதுக்கு மட்டும் பெரிய ஸ்கிரீன் உதவுச்சு.

முத்துலட்சுமி போன்ல அவ மக. "எங்கம்மாகிட்டக் குடுங்க." அம்மா வேலையில இருக்காம்மான்னேன். அந்தப் புள்ள வைக்கல. நானும் வைக்கல. அவ கோட்டைத் தாண்டி வர்ற வரைக்கும் ஒரு கையில அந்தப் போன், மறு கையில அடுத்தடுத்த போன். முத்துலட்சுமி வந்து வாங்குனா. பேசிட்டு அங்கனயே தரையில உக்காந்துட்டா.

ஒவ்வொருத்தரா வந்து எடுத்துக்கிட்டுப் போனாக. கேட்டுக்கு வெளிய சொந்தக்காரக கூட்டம். எந்தக் கம்பெனின்னு அப்புறம் தெரிஞ்சுச்சு. எத்தனை பேருன்னு இன்னும் தெரியல. அங்கனயும் ஒரு ரேக்கு இருக்கும்ல. அதுல அடிச்சதை யாரு எடுத்திருப்பா.

கூட்டம் குறையுற நேரம் ஒரு ஆட்டோ. இறங்குனது ந. ஸ்கேன் சென்டர் கோட்டு போட்டிருக்கா. கழுத்துல ஐடி கார்டு. கால்ல சென்டருக்குள்ள போடுற ரப்பர் செருப்பு. கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு நேரா வந்தா, என் கையைப் பிடிச்சா, மணிக்கட்டைத் திருப்பிப் பாத்தா. வாட்ச் கட்டுன எடம் வெளுத்துக் கிடந்துச்சு.

"வாட்ச் எங்கத்தா?"

"ரேக்குல."

"போனு?"

அப்பத்தான் உறைக்கிது. அம்புட்டுப் போனையும் எடுத்தேன், என் போன் ஞாபகமே வரல. மேல் வரிசையில அணைஞ்சு கிடக்கு.

"காலையில இருந்து உங்க நெஞ்சுத் துடிப்பு வரலத்தா. கோடு நின்னுபோச்சு. அம்மா அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். நான் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். ஆபீஸ் நம்பர் கிடைக்கல. பஸ்ல அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு வந்தேன்."

முழுசாச் சொல்லி முடிச்சா. அழுகல. எனக்குத்தான் தாங்கல. அவ கேட்டு ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கிறா, பழக்க தோசம், கையை நீட்டிட்டேன்.

"போனைக் குடுத்துட்டு உள்ள வாம்மா."

குடுத்துட்டா. என்னுதை விடப் பெருசு. எந்த ஓட்டையிலயும் நுழையல. ஸ்கிரீன் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, 'அத்தா'ன்னு எழுதி, கீழ ஒரு வெறுங்கோடு. கையிலயே வச்சிருந்தேன்.

12, செவ்வாய்

காத்து குறைஞ்சிருக்கு. ந. இன்னும் இங்கனதான். ராத்திரி என்கூடப் பேசுனா, வேலையப் பத்தி மட்டும் பேசல. நானும் பேசல.

காலையில வேன் ஹாரன். கிளம்பினேன். வாசல்ல மறிச்சு நின்னா. வேலைய விடுங்கன்னு சொல்லப் போறாளோன்னு நினைச்சேன். வாட்ச்சை எடுத்து அவளே கட்டிவிட்டா. ஒரு ஓட்டை இறுக்கியே கட்டுனா. "இதைக் கழட்டாதீங்க."

கேட்டுல முத்துலட்சுமி. போனைக் குடுத்தா, வாட்ச்சைக் கழட்டிக் குடுத்தா. வாட்ச் கட்டியிருந்த என் கையைப் பாத்தா. கேக்கட்டும்னு நின்னேன். கேக்கல, கோட்டைத் தாண்டிப் போயிட்டா.