லிட்டருக்குப் பன்னிரண்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, பாட்டிலை அலமாரிக்குக் காவல் வைத்திருக்கிறாயா? நான் நலம்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய என் பிக்கப் லிட்டருக்கு ஒன்பதுதான் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த மாதம் பன்னிரண்டு. மேனேஜருக்குச் சந்தேகம். "மீட்டர்ல கை வச்சியா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "நீங்களே வந்து பாருங்க சார்" என்றேன்.

நேற்று டேங்கை நிரப்பி, நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால், அதே பன்னிரண்டு!

"என்னப்பா பண்ணினே?"

ஏர் ஃபில்டர் மாற்றியதையும், டயரில் காற்று சரிபார்த்ததையும், உரசிக்கொண்டிருந்த பின் பிரேக்கைச் சரிசெய்ததையும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. பைக்கில் ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து விலாவில் குத்துவாயே, அந்தக் குத்துக்குப் பயந்துதான் இங்கேயும் ஓட்டுகிறேன்.

வண்டியைப் பழைய இரும்பாக எடைக்குப் போடலாம் என்ற பேச்சு நின்றுவிட்டது. கம்பெனியின் மற்ற நான்கு வண்டிகளைப் பராமரிப்பதும் இனி என் பொறுப்பு!

லோடு ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன். கண்ணாடி துடைக்க உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.