நான் நிறுத்திவைத்த சோதனை

இன்று காலை அலுவலகத்தில் எனக்குப் புதுக் கணினி தந்தார்கள். எல்லாவற்றையும் ஏற்றி முடித்து, உன் கருவியை முதல் தடவையாக அதில் ஓட்டினேன். கறுப்புத் திரையில் நீ எழுதிவைத்த வரி வந்து நின்றது. "கட்டிக்கிட்டு இருக்கேன். எந்திரிச்சுப் போய் தண்ணி குடிங்க."

நான் எழும்பவில்லை. கதிரையில் இருந்தபடியே காலை ஆட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். நீ போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் அந்த வரியைச் சும்மா ஒரு வரியாக வாசிக்க எனக்கு வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கிழமையில், இரண்டு நாள் இடைவெளியில்தான் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் சேர்ந்தோம். நான் வெள்ளவத்தையிலிருந்து, நீ கொட்டாஞ்சேனையிலிருந்து. துறைமுகத்துக் கொள்கலன் முற்றங்களில் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது, எதற்குப் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்பதையெல்லாம் எழுத எங்கள் நிறுவனம் சொந்தமாக ஒரு சின்ன மொழி வைத்திருந்தது. அந்த மொழியை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் கொம்பைலர் உன்னுடையதும் என்னுடையதுமான பொறுப்பு. அதுவும் அதே மொழியில் எழுதப்பட்டது. ஆகவே பழைய கொம்பைலரால்தான் புதியதைக் கட்டவேண்டும். அதற்குப் பதினொரு கட்டளைகள். அவற்றை எழுதிய தாள் சுவரில் ஒட்டியிருந்தது. ஒன்று முன்பின்னாகப் போனால் அரைநாள் வீண். இரண்டாம் மாதமே நீ அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் தானே செய்யும் ஒரு கருவியை எழுதத் தொடங்கினாய்.

பழையதால் புதியதைக் கட்டும். அந்தப் புதியதால் மறுபடி ஒன்றைக் கட்டும். அதனால் இன்னொன்று. கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். எனக்கு அது வீண்வேலையாகத் தெரிந்தது. கேட்டேன். "ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும்டி. இல்லேன்னா எங்கேயோ பொய் சொல்லுதுன்னு அர்த்தம்" என்றாய்.

அது கட்டி முடிய நாற்பது நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் நாங்கள் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் நடப்போம். நீ ஒருபோதும் மெதுவாக நடந்ததில்லை. இறால் வடையைக் கடித்துக்கொண்டே உன் அப்பாவைப் பற்றிச் சொல்வாய். அவர் கொள்கலன் முற்றமொன்றில் பெட்டிகளின் இலக்கம் பார்ப்பவர். தலைக்கு மேல் பெட்டி தொங்கும்போதும் நிமிர்ந்து பார்க்கமாட்டாராம். நீ சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். எனக்கும் அது சிரிக்கிற கதையாகவே பட்டது.

பிறகு அந்த வியாழக்கிழமை. பின்னேரம், முற்றமொன்றை நடத்தும் வாடிக்கையாளருக்குப் புதுப் பதிப்புப் போக வேண்டும். காலையில் கருவி நின்றுவிட்டது. கடைசி இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாலைந்து இடங்களில்தான் வித்தியாசம். கொடுக்கவே கூடாது என்றாய் நீ. மனேஜர் எங்கள் மேசைக்கு வந்து நின்றார். "கதையெல்லாம் வேணாம். இண்டைக்கு குடுக்க ஏலுமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க." நீ "முடியாதுங்க" என்றாய். உன் முகம் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தேன். அது காய்ச்சல். மத்தியானம் தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாய்.

நீ போனபின் நான் உன் கருவியைத் திறந்து, அந்தச் சோதனையை நிறுத்திவைக்க ஒரேயொரு வரி சேர்த்தேன். நாற்பது நிமிடத்தில் பதிப்புப் போய்ச் சேர்ந்தது. மனேஜர் எனக்கு நன்றி சொன்னார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோது, கருவியில் மாற்றம் என்ற அறிவிப்பைப் போனில் பார்த்துவிட்டு நீ அழைத்தாய்.

"நீயாடி அந்த வரியப் போட்டே?"

"ஓம்."

"எடுத்துடு. அனுப்புனதையும் திருப்பி வாங்கு."

"திங்கக்கிழமை பாப்பம். இந்தச் சின்ன விசயத்துக்கு ஏன் இவ்வளவு பெரிசாக்கிறாய்?"

"அந்த மாதிரிப் பொட்டிக்குக் கீழதான்டி எங்கப்பா முப்பது வருசமா நிக்கிறாரு."

"உன்ர அப்பாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு நான்தான் போனை வைத்தேன். என்னை வெட்கப்படுத்தவே அப்படிச் சொன்னாய் என்று நினைத்தேன். வெள்ளி போனது. சனி போனது. நீதான் முதலில் அழைக்கவேண்டும் என்று வீம்பாக இருந்தேன். ஞாயிறு உன் தம்பி அழைத்தான். டெங்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், யாரையும் உள்ளே விடுகிறார்களில்லை என்றான். நாளைக்குப் போவோம் என்று இருந்தேன். திங்கட்கிழமை விடிய நீ இல்லை.

செத்த வீட்டில் உன் அப்பா என் கையைப் பிடித்து, "நீங்கதானேம்மா அந்தக் கூட்டாளி? ஒங்களப் பத்திதான் எந்நேரமும் பேசுவா" என்றார்.

அடுத்த நாள் அந்த வரியை எடுத்தேன். மனேஜரிடம் போய், அனுப்பிய பதிப்பைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். "இப்ப எதுக்கு?" என்றார். "அவள் சொன்னவள், நான் கேக்கேல்ல" என்றேன். அவர் தானே வாடிக்கையாளரை அழைத்து, பழைய பதிப்புக்குத் திரும்பச் சொன்னார்.

ஒன்பது நாட்கள் தேடினேன். கருவி நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு படியாக. விதிகளை ஓர் அட்டவணையில் போட்டு எடுக்கும் இடத்தில் பிழை இருந்தது. விதிகள் கொஞ்சமாக இருந்தவரை அது தெரியவில்லை; கூடியபின் ஒவ்வொரு தடவையும் அவை வேறு வேறு ஒழுங்கில் வெளியே வந்தன. பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டு விதிகள் முட்டும்போது கடைசியாக வருவதுதான் வெல்லும். தீப்பற்றும் சரக்கைத் தள்ளி வை என்ற விதி ஒருநாள் வெல்லும், ஒருநாள் தோற்கும். அந்த அட்டவணையை எழுதியது யார் என்று பார்த்தேன். நான். அதற்கு முந்திய வருடம், அவசரமாக ஒரு வெள்ளிக்கிழமை.

யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதை எனக்கே எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நடக்கவில்லை என்பதும் நடக்கவிடவில்லை என்பதும் ஒன்றல்ல என்பது உனக்குத் தெரியும்.

மாதம் முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போய் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னோடு சண்டைபோட்டது, போனை வைத்தது, பிழை என்னுடையது என்பது எல்லாம். அவர் சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும் நேரம்.

"கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவளா?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்ல பேச்சே இல்லம்மா" என்றார். கடைசிப் பொத்தானையும் பூட்டிவிட்டு, "இப்ப அது சரியா ஓடுதா?" என்றார்.

"ஓம்."

தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என்னை மன்னித்தாரா, நேரமாகிவிட்டது என்று போனாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

உன்னிடமிருந்து நான் எதைக் கொண்டுவந்தேன் என்று யோசித்தால், பொறுமையைச் சொல்ல முடியாது. முன்பைவிட அந்தரப்படுகிறேன், பதறுகிறேன். யாரோடாவது சச்சரவு என்றால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. போன கிழமை அக்காவோடு வாய்த்தர்க்கம். அவள் கோபித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். கிருலப்பனையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர முன்னமே அழைத்தேன்.

"எனக்கு இன்னும் கோவம்தான்" என்றாள்.

"சரி, கோவமாவே இரு" என்றேன். "ஆனா போனை வைக்காத."