வயிற்றுப் படத்தின் மேல் ஒரு விரல்

திண்டிவனம்,
20.7.2025, ஞாயிறு

அன்புள்ள அமல்ராணிக்கு,

ஜெர்லின் நன்றாக இருக்கிறாள். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். இப்போது ஊஞ்சலில் உட்கார்ந்து, வழக்கம்போல் தனக்குள்ளே ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வரிகளை இரண்டு முறை படித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி. நின்றபடி படிக்காதே.

ஒலக்கூர் ரோஜா லீவு முடிந்து புதன்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள். அவளிடம் ஓட்டோடு வறுத்த மல்லாட்டையும் கேப்பை மாவும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பையின் அடியில்தான் இந்தக் கடிதம் இருக்கும். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நீ போன் செய்கிற நேரமெல்லாம் பிள்ளை என் மடியில்தான் இருக்கிறாள். அவள் எதிரிலேயே, அவள் அங்கே இல்லாதது போல அவளைப் பற்றி இத்தனை வருஷம் பேசிவிட்டோம். இனி அப்படிப் பேசக்கூடாது என்று நினைக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் உன்னிடம் இரண்டு மன்னிப்புகள் கேட்க வேண்டும். அதற்கு வாய் வரவில்லை.

போன மாதக் கடைசியில் பக்கத்து மனையில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். மூன்று நாள் வண்டி ஓடியது. அந்தச் சத்தத்தில் எனக்கே காது அடைத்துப்போனது. ஜெர்லின் எப்படித் தாங்குவாள்? இரண்டாம் நாள் சனிக்கிழமையிலிருந்து அழ ஆரம்பித்தாள். கையைக் கடித்துக்கொண்டாள், தட்டைத் தள்ளிவிட்டாள். கட்டில் விளிம்பில் குப்புறக் கவிழ்ந்து கிடந்தாள். சத்தம் நின்றால் சரியாகிவிடுவாள் என்று காதில் துணி கட்டி, பின்கட்டு அறையில் வைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் வண்டி போய்விட்டது. அவள் அழுகை போகவில்லை.

எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி அக்கா வந்து பார்த்தார்கள். "இன்னா தம்பி, புள்ள இப்பிடி அழுதுக்கினே கெடக்குது? பத்து வயசாவுது, பெரிய மனுஷி ஆவப்போறாளோ இன்னாவோ" என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைப் பற்றி யாரிடம் என்ன கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளைக்கு ஆட்டிசம், பேச்சு வராது என்று சொன்னதும் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மாதிரி பசங்க இப்படித்தாங்க இருப்பாங்க, நீங்கதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று சொல்லி, தூங்க வைக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். உடம்பு லேசாகச் சுடுகிறதே என்றேன். அழுத சூடு என்றார். அமல்ராணி, அவரைத் திட்டிக் கடிதம் எழுத எனக்கு அருகதை இல்லை. அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு மனசு லேசானது. பெரிதாக ஒன்றுமில்லை, எப்போதும் உள்ளதுதான் என்று நானும் நம்ப விரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை முன் அறையில் எரிந்துபோன ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். மயிலம் பக்கத்து விவசாயி ஒருவருடையது. நாற்றுக்குத் தண்ணீர் இல்லை என்று இரண்டு நாளாக வந்து நின்றுகொண்டிருந்தார். முக்கால்வாசி முடித்திருந்தேன். ஜெர்லின் அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். இரு என்றேன். மறுபடி இழுத்தாள். இரு என்று கத்தினேன். அவள் காலால் உதைத்ததில் மோட்டார் பலகையிலிருந்து கவிழ்ந்தது. கட்டிய கம்பியெல்லாம் சிக்கலாகிப் பிய்ந்துபோனது.

நான் அவளை அடித்தேன். முதுகில், பலமாக. அதுவரை ஒரு நாளும் நான் கை ஓங்கியதில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை, எரிச்சல், அது இது என்று காரணம் எழுத முடியும். எழுதவில்லை. அடித்தேன், அவ்வளவுதான்.

அடி விழுந்ததும் அவள் அழுகை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். அவள் யாரையும் நேராகப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அன்று நேராகப் பார்த்தாள். பிறகு கூனிக்கொண்டே உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த பட நோட்டை எடுத்துவந்தாள்.

விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கலைப்பிரியா டீச்சர் தயாரித்துக் கொடுத்த நோட்டு அது. நீ போன பிறகு பக்கங்கள் கூடியிருக்கின்றன. வேண்டியதை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஒன்றரை வருஷத்தில் இவள் தொட்டது தண்ணீர், பிஸ்கட், ஊஞ்சல் என்று ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். உடம்பு உறுப்புகளை வரைந்த கடைசிப் பக்கத்தை ஏழு மாதமாகச் சொல்லிக் கொடுத்தும் இவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கூட, "இது அவளுக்கு ஏறாது டீச்சர், எடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, "நோட்டுலயே இருக்கட்டும் சார், அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கடைசிப் பக்கத்தை ஜெர்லின் திறந்தாள். வயிற்றுப் படத்தின் மேல் விரலை வைத்தாள். பக்கத்திலேயே, முகம் சுளித்த ஒரு பெண்பிள்ளைப் படம் உண்டு. அதன் கீழே ‘வலி’ என்று எழுதியிருக்கும். அதைத் தொட்டாள். மறுபடி வயிறு. மறுபடி வலி. எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில், வலப்பக்கம் கீழே வைத்துக்கொண்டாள். அடித்த அதே கையை.

அப்புறம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கட்டில் விளிம்பில் ஏன் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடந்தாள், ஏன் காலை மடக்கிக்கொண்டே படுத்தாள், எல்லாம். நான்கு நாளாகப் பிள்ளை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அந்த விவசாயியே ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். "எம் மோட்டாரு கெடக்குது, நீ புள்ளயப் பாரு" என்றார். நம் தெருமுனை பச்சைமுத்து ஆட்டோதான். "ஜல்தி ஏறுண்ணே, இங்க எங்கயும் நிறுத்த வாணாம், நேரா முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்று சொல்லி, ஹைவேயில் ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் ஓட்டினான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது இவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வாய் துடைத்துவிட்டதும் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். அவள் கேட்டாளா என்று தெரியாது. கேட்டிருப்பாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயது லேடி டாக்டர். பேச மாட்டாள் என்று சொன்னேன். "அப்புறம் வயிறு வலின்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். அவர் என்னை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது பாப்பா, எனக்கும் காட்டு" என்று நோட்டை நீட்டினார். அமல்ராணி, அவள் காட்டினாள். முன்பின் தெரியாத ஒருவருக்கு, அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் காட்டினாள். ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வீங்கிப்போயிருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன் என்றார்கள்.

சம்மதத் தாளில் கையெழுத்துக்கு அப்பா, அம்மா என்று இரண்டு இடம் இருந்தது. ஒன்றில் போட்டால் போதும் என்றார்கள். நான் என் இடத்தில் போட்டேன். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தபோதுதான் உனக்குப் போன் செய்ய எடுத்தேன். மணி இரண்டு. நீ வேலை பார்க்கும் வீட்டுப் பெரியவருக்குச் சாப்பாடு ஊட்டும் நேரம். சொன்னால் உடனே ஓடிவர உனக்கு வழியும் இல்லை, பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. அங்கே நின்று தவித்துக்கொண்டிருப்பாய். போனை மறுபடி பைக்குள் வைத்தேன். அது சரியா தவறா என்று நீயே சொல்.

ஊசி போட விடாமல் அவள் செய்த ரகளையை விவரமாக எழுதவில்லை. ஒரு நர்சம்மா கையில் பல் பதிந்துவிட்டது. நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "எனக்கும் வீட்ல ரெண்டு இருக்குது சார், வுடுங்க" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார். மயக்க மருந்து கொடுக்கும் வரை என்னை உள்ளே இருக்க விட்டார்கள். என் விரலைப் பிடித்தபடிதான் கண் மூடினாள். நாலரை மணிக்கு அந்த டாக்டர் வெளியே வந்தார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உள்ளயே வெடிச்சிருக்கும் சார். உங்க பொண்ணு கரெக்டான நேரத்துல சொல்லிட்டா" என்றார். சொல்லிட்டா என்றார், அமல்ராணி. அந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷமாக எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருப்போம். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பச்சைமுத்து டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அவனும் உட்கார்ந்தான்.

ஆறு நாள் வார்டில் இருந்தோம். முதல் வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது போனில் கேமரா ரிப்பேர் என்றேன். அடுத்த வெள்ளி அவள் முகத்தை மட்டும் காட்டினேன். இளைத்திருக்கிறாளே என்று நீ கேட்டாய். வெயில் என்றேன். நான் சொன்ன இரண்டாவது மன்னிப்பு இதற்குத்தான்.

வார்டில் முதலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் கலைப்பிரியா டீச்சர் விழுப்புரத்திலிருந்து வந்தார். கடைசிப் பக்கத்தில் படிந்திருந்த அழுக்கு விரல் ரேகையைத் தடவிப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஊசி, மாத்திரை, முடிந்தது என்று மூன்று புதுப் படம் வரைந்து ஒட்டினார். அதுதான் வினையாகப் போனது. மறுநாளிலிருந்து ஊசித் தட்டோடு யார் வந்தாலும் இவள் ‘முடிந்தது’ படத்தைத் தூக்கிக் காட்டுவாள். கடி வாங்கிய நர்சம்மாவே சிரித்துச் சிரித்து, "நீ சொல்லிட்டா ஆச்சா? பெரிய டாக்டரம்மா!" என்றார். அடுத்த கட்டில்காரர்கள்கூட அந்தப் படத்தை இரவல் கேட்டார்கள்.

தையல் பிரித்துவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது, ஒரு விரல் நீளம்கூட இல்லை. ஓடுகிறாள், ஆடுகிறாள். அந்த மோட்டாரை மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப்போகும்போது அவர் இவளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். இப்போது நான் வேலை செய்யும்போது அவள் கையைப் பிடித்து இழுத்தால், இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். பாதி நேரம் பிஸ்கட்டுக்காகத்தான் இழுக்கிறாள். போகட்டும்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. நேற்று சாயங்காலம் நோட்டில் உன் போட்டோவைத் தொட்டாள். அடுத்து, வேறு பக்கம் திருப்பி, ரயில் படத்தைத் தொட்டாள். இரண்டு படத்தைச் சேர்த்து அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். டீச்சரிடம் போக விழுப்புரம் வண்டியில் ஏற வந்திருக்கிறாள் என்று நினைத்தால், வந்த வண்டியில் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடி இறங்குகிறவர்களையே பார்த்தாள். அந்த வண்டி போனது. இன்னொரு வண்டி வந்தது. அதிலும் இறங்கியவர்கள் எல்லோரும் வெளியே போகும் வரை பார்த்தாள். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அழவில்லை. மஸ்கட்டிலிருந்து ரயில் வராது என்பதை எந்தப் படத்தில் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் உன் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றாய். உன் இஷ்டம் என்று சொன்னேன். அவளை வளர்க்க என்னால் முடியும், அதில் உனக்குப் பயம் வேண்டாம். முன்பைவிட இப்போது நன்றாகவே முடியும். ஆனாலும் கிருஷ்ணவேணி அக்கா சொன்ன நாள் ஒன்று வரும். அன்றைக்கு அவள் நோட்டைத் திறந்து என்னிடம் எதையோ கேட்பாள். எனக்குப் பதில் தெரியாது.

புதுத் தாளில் கையெழுத்துப் போடும் முன் என்னைக் கூப்பிடு. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, எந்த நேரமானாலும் கூப்பிடு. இந்தத் தடவை உன் இஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

நம் பிள்ளைக்குத் துணை நின்ற மாதா, முகம் தெரியாத ஊரில் உனக்கும் துணை நிற்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. மல்லாட்டையை ரோஜாவோடு பங்கு போட்டுக்கொள்.

உன்
சவரிநாதன்