கார்ட் எழுதிக்கொண்டிருந்தபோது

மச்சான்,

இன்று வேலையிடத்தில் அவசரத்தில் ஒரு மெமரி கார்டை உருவிவிட்டேன். மழையளக்கும் பெட்டி அதில் எழுதி முடித்திருக்கவில்லை. கணினியில் கோப்பு வெறுமையாகத் திறந்தது. நீ இருந்திருந்தால், "மாடே, எழுதி முடியிற வரைக்கும் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று மண்டையில் தட்டியிருப்பாய். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

நாம் பேராதனைக் கம்பஸில் படித்த அந்த யுத்த வருடங்களில், பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவு வெடிப்பு விட்டிருந்தது. லயத்தை வேறிடத்துக்கு மாற்றச் சொன்னால், தோட்டத்துத் துரை ஆதாரம் கேட்டார். "ஆதாரந்தானே, செஞ்சிருவோம்" என்றாய். ஒரு சோற்றுப் பெட்டிக்குள் மைக்ரோகன்ட்ரோலர், பேட்டரி, மெமரி கார்ட். பெய்யும் மழையையும் வெடிப்பு விரிவதையும் அது தானாகவே கார்டில் எழுதும். எழுதும்போது சிவப்பு விளக்கு மின்னும். அப்போது உருவினால் எல்லாம் போய்விடும்.

பதிவைப் பிரதி எடுக்கவும் பெட்டியைப் பழுதுபார்க்கவும் கம்பஸுக்கு பஸ்ஸில் கொண்டுவந்தோம். அணைக்க மறந்திருந்தாய். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைத் திறந்தான். வயர், பேட்டரி, மின்னும் விளக்கு. வேறு எவனும் கையைத் தூக்கியிருப்பான். நீ சிங்களத்தில் கத்தினாய்: "அதின்ன எபா! லியனவா!" இழுக்காதே, எழுதிக்கொண்டிருக்கிறது என்று! குண்டு வைத்தவன் கத்துவது போலத்தான் அவனுக்குக் கேட்டிருக்கும். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? பை உன் தோளில் இருந்தது, அதனால் நீ, நான் இல்லை. ஜீப்பில் ஏற்றும்போதும், "மச்சான், கார்டை வாங்கிக்க!" என்றாய்.

தரவில்லை. கார்டையும், உன்னையும்.

மழை பிடித்தது. பதிவு போய்விட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "செவுரு பொளந்து கெடக்கிறது கண்ணுக்குத் தெரியுது. இதுக்கும் ஒரு பொட்டி வந்து சொல்லணுமா தம்பி?" என்றார். அன்று மாலையே லயம் முழுக்கச் சட்டி பானையோடு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. "யாரைக் கேட்டுப் போனீங்க?" என்று துரை குதித்தார். விடிந்தபோது லயத்தில் உங்கள் காம்பரா வீடு இருந்த இடத்தில் மண்தான் இருந்தது.

உன்னைக் கைது செய்யவே இல்லை என்கிறார்கள், இன்றுவரை. போகிற அரசாங்கக் கந்தோரிலெல்லாம் ஆதாரம் எங்கே என்கிறார்கள். அம்மாவோடு போய் மேசை முன்னால் நிற்கிறேன். பக்கத்தில் நின்று நான் பார்த்தேன். அதையே சொல்கிறேன், அவர்கள் எழுதிக்கொள்ளும்வரை.