இரண்டு டிகிரி

பிப்ரவரி 3
போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது. ஆறு வருட ஆராய்ச்சி, மூன்றடிக்கு நாலடி. என் வழிகாட்டி சார் பார்த்துவிட்டு, "மண்டல மாநாட்டுல மாணவர் விருது வாங்கிட்டு வா, மறுநாளே தீசிஸ்ல கையெழுத்து போடறேன்" என்றார். அடுத்த வருடம் மாணவர் பிரிவில் எனக்கு இடமில்லை, வயது ஏறிவிட்டது. இதுதான் கடைசி பஸ்.

கண்டுபிடிப்பு சின்னதுதான். 28 டிகிரியில் பயறு வண்டு முட்டையிலிருந்து வளர்ந்து வண்டாக வெளிவர இருபத்தேழு நாள் என்று மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வண்டுக்கு இருபத்து நாலே நாள். இந்த மூன்று நாளுக்காக ஆறு வருடம் பயறு எண்ணியிருக்கிறேன். "பயறு பொறுக்கறதுக்கா உன்னை இவ்வளவு படிக்க வச்சேன்?" என்பாள் அம்மா.

பிப்ரவரி 9
வண்டு வளர்க்கும் இன்குபேட்டர் கதவு சரியாக மூடவில்லை. பழுது பார்க்க வந்த மெக்கானிக் உள்ளே ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, "வெளிய மீட்டர் 28 காட்டுது மேடம், உள்ள முப்பது. ரொம்ப நாளாவே இப்படித்தான் இருக்கும்" என்றார்.

ரொம்ப நாள் என்றால்? நான் ஏன் ஒரு தடவைகூட உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை? முப்பது டிகிரியில் எந்த ஊர் வண்டும் சீக்கிரம்தான் வரும். என் வண்டு ஒன்றும் அதிசயமில்லை.

பிப்ரவரி 10
சாரிடம் சொன்னேன். "அச்சடிச்சாச்சும்மா. அங்க யாரு தெர்மாமீட்டரைத் தூக்கிட்டு வரப்போறாங்க?"

எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. பின்னால் பழியை அவர் தலையில் கட்டிவிடாமல் இருக்க இதை எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 14
முதல் பரிசு.

பிப்ரவரி 15
இரண்டாம் பரிசு வாங்கியவள் வேறொரு கல்லூரிப் பெண். குட்டைமுடி, சோடாபுட்டிக் கண்ணாடி. நேற்று மேடையிலிருந்து இறங்கியதும் ஓடி வந்தாள். "சூப்பர் அக்கா! எங்க ஊரு வண்டையும் இதே மாதிரி செஞ்சு பாக்கப்போறேன். 28 தானே அக்கா?"

"28தான்" என்றேன்.

அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை — பொய். தோன்றியது.

மார்ச் 2
சார் கையெழுத்துப் போட்டு தீசிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. கேடயத்தை டிவிக்கு மேலே மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள் அம்மா. எனக்கு அதைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் அலுப்பு.

மே 20
குட்டைமுடியிடமிருந்து மூன்றாவது மெயில். "எத்தனை தடவை செஞ்சாலும் 27 தான் அக்கா வருது. எண்ணக்கூடத் தெரியலன்னு எங்க சார் திட்டறாரு. என் மேலதான் தப்பு இருக்கும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கறேன் அக்கா."

பதில் போடவில்லை.

மே 22
குட்டைமுடிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றுதான் கேட்டாள்.

"பிப்ரவரிலயே தெரியுமா அக்கா?"

"தெரியும்."

"மூணு மாசமா என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டுட்டிருந்தேன். கண்ணாடிகூட மாத்திட்டேன்."

வைத்துவிட்டாள். நான் ஒருத்தி! மன்னிப்புக்கூடக் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் மட்டும்?

மே 25
விருதுக் குழுவுக்குக் கடிதம் போட்டேன். தீசிஸையும் திரும்பக் கேட்டிருக்கிறேன். சார் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேடயத்தைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது அம்மா கேட்டாள், "ஏன்டி, அது என்ன திருட்டுப் பொருளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் ஆணியைப் பிடுங்கப் போய்விட்டாள்.

ஜூன் 1
இன்குபேட்டருக்குள் கண்ணாடித் தெர்மாமீட்டர். 28. நாற்பது பயறு, நாற்பது முட்டை. முதல் நாள்.

ஜூன் 27
காலையில் முதல் வண்டு பயறைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. இருபத்தேழாம் நாள். குட்டைமுடிக்கு அந்த எண்ணை மட்டும் அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. "எனக்கும் 27."

அக்கா என்று போடவில்லை.