பிடுங்கி வைத்த பலகை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் இருமல் நின்றதா, மாப்பிள்ளைக்குப் புது வேலை பழகிவிட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், ஆனாலும் மாடியேறித் துணி காயப்போடுவதை விடமாட்டேன் என்கிறாள், நான் போட்டால் சுருக்கம் விழுகிறதாம்.

போன கடிதத்தில் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேனே, அதற்கு நேற்றோடு முழுக்குப் போட்டாயிற்று. தலைமையாசிரியர் பின்பக்கத்து இடத்தை ஒரு வருஷத்துக்குத்தான் எங்கள் தெருக் குழுவுக்கும் பிள்ளைகளுக்கும் விட்டிருந்தார், அதற்குள் பூச்சி பறவை வந்து தங்கினால் தோட்டம், இல்லாவிட்டால் சிமென்ட் போட்டு வண்டி நிறுத்துமிடம் என்று பேச்சு. வந்தன கண்ணு, எல்லாம் வந்தன. மூலையில் வேண்டுமென்றே வெட்டாமல் விட்ட புல்லிலும் சருகுக் குவியலிலும் தவளை, காய்ந்த தண்டுக்குள் குட்டித் தேனீ, எலுமிச்சைச் செடியில் பட்டாம்பூச்சியாகப் போகிற நாற்பத்தொரு புழு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் எண்ணிச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார்கள். அதைப் பார்த்து முடிவு சொல்லத்தான் வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்து ஆட்கள் வருவதாக இருந்தது.

அந்த மூலையில் ‘இது குப்பை இல்லை, குடியிருப்பு, கை வைக்காதீர்கள்’ என்று பலகை எழுதி நட்டவன் நான்தான். முப்பத்தைந்து வருஷம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதின கை சும்மா இருக்குமா? எழுத்து வெயிலில் வெளுத்துவிட்டதே, வருகிறவர்கள் முன்னால் மானம் போகுமே என்று செவ்வாய்க்கிழமை அதைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு கோட்டிங் அடித்துக் காயவைத்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் பெற்றோர்கள் கொஞ்சப் பேர் துடைப்பமும் அரிவாளுமாக வந்து, விருந்தாளி வருகிற நேரத்தில் இப்படியா காடாகக் கிடக்கும் என்று மொட்டையடித்துவிட்டார்கள், சருகையும் கொளுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா எலுமிச்சைக்குப் பூச்சிமருந்தே அடித்துவிட்டாள். “எவ்ளோ சுத்தமாயிருக்கு பாருங்கண்ணே, உங்களுக்காகத்தான் செஞ்சோம்” என்றாள். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதை என் கதை.

வந்தவர்கள் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை, பளிச்சென்று இருக்கிறது ஆனால் ஒன்றும் இல்லையே என்று போய்விட்டார்கள். திங்கட்கிழமை சிமென்ட் இறங்குகிறது. மொட்டையடித்த புதன்கிழமையே, தினமும் எண்ணுகிற இரட்டைப்பின்னல்காரி சுவரருகே சாக்பீஸோடு நின்று, “நேத்து எழுதினதையே எழுதிடட்டா தாத்தா?” என்றாள்.

மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதாதே. எனக்கு இனி மண்ணில் கைவைக்கிற தெம்பில்லை. எல்லோரும் தையல்காரம்மாவைத்தான் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள், ரெண்டு நாளாக அவள் கடை திறக்கவில்லை. பலகை அன்றைக்கு ஏன் அங்கே இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். நாளைக்குத் தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், கால் வருமா தெரியவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். தொண்டைக்கு வெந்நீர் குடி, மறந்துவிடாதே. பலகை நன்றாகக் காய்ந்துவிட்டது, எழுத்தும் அழகாகத்தான் வந்திருக்கிறது, நடத்தான் இடமில்லை.

உன் அப்பா