தம்பி பேர் வரும் பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். நாஷ்வில்லில் விடாத மழை. உன் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஒரு ஜாடி அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை.

ஒரு பாடகரின் பழைய பாணி கன்ட்ரி இசை ஆல்பத்துக்கு நான் எழுத ஒரு பாட்டுதான் பாக்கி. கிடாரும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, அப்பா குடித்துவிட்டு வண்டி ஓட்டியதில் தம்பி ஜோயல் செத்ததைச் சொல்லிவிட்டேன். என்னோடு சேர்ந்து பாட்டு எழுதும் லுரீன் அதையே பாட்டாக்கச் சொல்லி விடவில்லை.

"அழுதுகிட்டே சொல்லுடி, நான் எழுதிக்கிறேன். பேர மட்டும் மாத்தாத, மாத்துனா பாட்டு செத்துரும்."

மதியத்துக்குள் முடிந்தது. பாடகருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த வியாழன் பதிவு.

பயமாக இருக்கிறது, அம்மா. ஒன்பது வருடமாகக் குடியைத் தொடாத அப்பா, இதை முதன்முதலில் ரேடியோவில் கேட்கக் கூடாது. வரிகளை இதனுடன் வைத்திருக்கிறேன். நீயே அவருக்குப் படித்துக் காட்டு. எழுந்து வெளியே போனால் அவரைத் தனியாக விடாதே. எனக்குப் போன் செய். பதிவுக்கு முன்பே பாட்டைத் திரும்ப வாங்கிவிடுகிறேன்.

தபால்காரர் வந்துவிட்டார்.

உன் நெல்டா